வெள்ளம் மூடும் கிணற்றோரமாக அரை மரதன் ஓட்டம் நடத்துவது தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்:
திருமதி ஞானாம்பிகை சிவபாதம்,
முடக்கடி ஒழுங்கை,
இலந்தைப்புலம்,
சண்டிலிப்பாய்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

பொருள்: எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கையால் நடைபெறவுள்ள ‘செம்மண் அரை மரதன்’ ஓட்டத்தின் பாதையை மாற்றுவதும், அப்பாதையோரம் கட்டில்லாமல் கிடக்கும் கிணற்றுக்கு உடனே காப்பு அமைப்பதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இவ்வூரில் பிறந்து, வெங்காயமும் மரவள்ளியும் செய்து இங்கேயே வாழ்பவள். வயது எழுபத்திரண்டு. ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள். பத்திரிகை வாசித்து எழுதப் பழகினேன். இம்மனுவை எழுதித் தருவதாகச் சிலர் முன்வந்தார்கள். மற்றவர் எழுதினால் என் பயத்தைக் குறைத்து எழுதிவிடுவார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. மேற்படி ஓட்டம் மூன்று வருடங்களாக நடக்கிறது. பெரிய ஓட்டம் அல்ல. கோயில் வீதியில் தொடங்கி, பனங்கூடல் ஊடாக, வழுக்கையாற்றங்கரை வயல்களைச் சுற்றி, எங்கள் ஒழுங்கையால் திரும்பி வருவார்கள். இடம் அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஓட்டத்தின் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. முதல் வருடம் என் படலையடியில் நின்று வாளியில் தண்ணீரும் தட்டில் தோடம்பழமும் கொடுத்தவள் நான். அயல்வீட்டுப் பராசக்தி, மூச்சிரைக்க வந்த ஒருவரைப் பார்த்து, “தம்பி, உம்மைக் கலைச்ச நாயை எங்கை விட்டிட்டு வாறீர்?” என்று கேட்க, அவர் ஓட முடியாமல் நின்று சிரித்தார். அப்படித்தான் நாங்கள் அவர்களை வரவேற்றோம்.

2. ஏற்பாட்டாளர் திரு. கஜீவன் லண்டனில் வசிப்பவர். அவருடைய நோட்டீஸில் இது ‘இலையுதிர்கால ஓட்டம்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு காலம் எங்கள் ஊரில் இல்லை. அந்தக் கிழமையில்தான் அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று அவர் எனக்கு விளக்கினார். இங்கே அது மழை பிடிக்கும் கிழமை. ஆவணியில் வைக்கலாமே என்று கேட்டேன். “ஆவணியிலை வெயில் கொளுத்தும் அன்ரி, ஆர் ஓடுவினம்?” என்றார். அவர் சொன்னதும் நியாயம். ஆனால் வெயிலில் விழுந்தவரைக் கண்ணால் காணலாம் ஐயா.

3. எங்கள் ஒழுங்கை முடங்கும் இடத்தில், என் வீட்டுக்கு அடுத்ததாக, திரு. சுபாஸ்கரனின் தோட்டக்காணி இருக்கிறது. அவர் கனடாவில் இருக்கிறார். வேலி விழுந்து பல வருடங்கள். கிணறு ஒழுங்கைக் கரையிலேயே இருக்கிறது. அதன் கட்டு யுத்த காலத்தில் இடிந்தது. இப்போது நிலமட்டத்தில் வாயைத் திறந்தபடி கிடக்கிறது. கோடையில் சின்னப்பிள்ளையும் கண்டு விலகிப் போகும். வழுக்கையாறு நிரம்பினால் ஒழுங்கை, காணி, கிணறு எல்லாம் ஒரே தண்ணீர். கரையில் கணுக்கால் அளவுதான் நிற்கும். அந்த ஓரிடத்தில் மட்டும் அடி இல்லை.

இதற்காக எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்கு முன் இப்படியான கிணறுகளின் வாயைச் சுற்றிக் கிளுவைக் கம்புகளை நாட்டி, உச்சியில் கிழிந்த உரப்பையைக் கட்டிவிடுவோம். ஆளில்லாத காணியின் கிணறாக இருந்தால் அடுத்த வீட்டார் நாட்ட வேண்டும். சுபாஸ்கரன் போன நாள் முதல் அந்தக் கிணற்றுக்கு நான்தான் நாட்டி வருகிறேன். வெள்ளத்தில் நடக்கும் எங்கள் ஆட்கள் தண்ணீரைப் பார்ப்பதில்லை, கம்பைத்தான் பார்ப்பார்கள். கம்பு நின்றால் விலகுவார்கள். கம்பு இல்லாத இடத்தில் நம்பிக் கால் வைப்பார்கள்.

4. சென்ற வருடம் ஓட்டத்துக்கு முதல் நாள், பாதையை அழகுபடுத்தவென்று இளைஞர்கள் சிரமதானம் செய்தார்கள். போத்தல்களையும் பொலித்தீனையும் பொறுக்கினார்கள். அத்தோடு என் கம்புகளையும் பிடுங்கிவிட்டார்கள். நான் அன்று சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தேன். பிடுங்கியவர்களில் எங்கள் ஊர் மயூரதனும் ஒருவன். இடப்பெயர்வில் வன்னியில் பிறந்து, பிறகு கொழும்பில் படித்த பிள்ளை. “தோட்டத்திலை குருவிக்கு வெருளி கட்டின கம்பு மிஞ்சிக் கிடக்கெண்டு நினைச்சன் பெரியம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது” என்று பின்னர் என் முற்றத்தில் நின்று அழுதான். அவன் மீது எனக்கு முறைப்பாடு இல்லை.

அன்று இரவு பெய்த மழையில் விடியும்போது ஒழுங்கை நிரம்பியிருந்தது. “உந்தத் தண்ணிக்குள்ளாலையோ ஓடப் போறியள்?” என்று திரு. கஜீவனைக் கேட்டேன். “உது சும்மா தண்ணி அன்ரி. படத்துக்கு நல்லாயிருக்கும்” என்றார். என் படலையில் நின்றால் முடக்குக்கு அப்பால் கிணற்றடி தெரியாது. கம்புகள் நிற்கின்றன என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5. என் மகள் வினோஜாவுக்கு முப்பத்துநான்கு வயது. வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறாள். அவளும் அந்த ஓட்டத்தில் ஓடினாள். வெளியூர் ஆட்கள் எல்லோரும் ஒழுங்கையின் நடுவால் முழங்கால் தண்ணீரில் உழக்கிக்கொண்டு போனார்கள். உழவு இயந்திரம் ஓடி நடு பள்ளமாகிவிட்டது, கரைதான் திடமான நிலம் என்பது இவ்வூரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். என் மகளுக்கும் தெரியும். அதனால் அவள் கரையால் ஓடினாள். கிணறு இருப்பதை அவள் மறக்கவில்லை. கம்பு வரும், வந்ததும் விலகுவோம் என்று பார்த்துக்கொண்டே ஓடியதாகப் பின்னர் சொன்னாள். கம்பு வரவில்லை. கிணறுதான் வந்தது.

வெளியூர் ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை ஐயா. ஊரைத் தெரிந்தவள்தான் விழுந்தாள்.

அவளுக்குப் பின்னால் வந்தவர் பாசையூரைச் சேர்ந்த ஜெரிசன் என்ற இளைஞர். “முன்னாலை ஓடின அக்காவைக் காணேல்லை அம்மா. தொப்பி மட்டும் மிதந்தது” என்று அவர் என்னிடம் சொன்னார். கடற்கரைப் பிள்ளை என்பதால் தயங்கவில்லை. தண்ணீருக்குள் குப்புறப் படுத்து, கையை விட்டுத் துழாவி, கொண்டையைப் பிடித்து இழுத்தார். அவர் சத்தமிட்டுத்தான் நான் ஓடிப்போனேன். அவளைக் கரையில் போட்டிருந்தார்கள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. என்னை யாரோ ஒரு அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் சறுக்கி விழுந்தாள் என்று நினைத்து, கடந்து போனவர்களில் சிலர் கைதட்டி உற்சாகப்படுத்திவிட்டுப் போனார்கள். அந்தக் கைதட்டல் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

6. அதன் பின் நான் சும்மா இருக்கவில்லை. ஓர் அலுவலகத்தில், கிணறு தனியார் காணிக்குள் இருப்பதால் தாங்கள் கைவைக்க முடியாது என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், பாதையோரக் கிணறு என்றபடியால் முந்திய அலுவலகம்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர், “ஆள் தப்பிட்டுதெல்லே அம்மா, பிறகென்ன?” என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. எனக்குக் கதிரை போட்டு இருக்கச் சொன்னவர். காணிச் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் கதைத்தேன். “காணியை விக்கத்தான் போறன் அக்கா. இனி அதுக்குக் கட்டுக் கட்டி என்ன செய்ய?” என்றார். திரு. கஜீவன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். ஓடி முடிக்காத என் மகளுக்கும் ஒரு பதக்கம் தந்துவிட்டுப் போனார். பாதையை மாற்றுவதாகச் சொல்லவில்லை.

7. இவ்வருட நோட்டீஸ் சந்தியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதே பாதை. சென்ற வருடம் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பனைகளின் நிழல் தண்ணீரில் விழ, நாலைந்து பேர் சிரித்தபடி நீரை உதைத்துக்கொண்டு வருகிறார்கள். அது எங்கள் முடக்கு. ஐயா, அந்தப் படத்துக்குள் கிணறு இருக்கிறது. இடப்பக்கம் சிவப்புச் சட்டை போட்ட பெண்ணின் காலுக்கு மிகக் கிட்ட. நான் அறிந்தபடியால் எனக்குத் தெரிகிறது. வேறு யார் பார்த்தாலும் அழகான தண்ணீர்தான் தெரியும். சந்தியால் போகும்போது அந்தச் சுவரைப் பாராமல் நடக்கப் பழகிவிட்டேன்.

இம்மாதத் தொடக்கத்தில் கம்புகளை நாட்டினேன். மறுநாள் காணவில்லை. யார் பிடுங்கினார்கள் என்று கண்ணால் காணாததை எழுதமாட்டேன். மறுபடியும் நாட்டினேன், அதுவும் போய்விட்டது. மூன்றாம் முறை போனபோது, மழையில் ஊறிய விளிம்பு என் காலடியிலேயே இடிந்து உள்ளே விழுந்தது. வேலி மிச்சமாய் நின்ற ஒரு பூவரசைப் பிடித்தபடியால் நான் இம்மனுவை எழுதுகிறேன். அதன் பிறகு கிட்டப் போகப் பயமாக இருக்கிறது. இனி அங்கே கம்பு நிற்காது. இன்று காலை தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன், கிணற்றில் தண்ணீர் வாய்க்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. இன்னும் ஒரு மழை போதும்.

8. என் மகள் இம்முறையும் ஓடப் போகிறாள். நான் மறித்துப் பார்த்தேன். “விழுந்த இடத்துக்குப் பயந்து வீட்டை இருந்தனெண்டால் நான் பிறகு ஒருநாளும் ஓடமாட்டன் அம்மா” என்கிறாள். கிணறு எங்கே என்று தனக்குத் தெரியும் என்கிறாள். சென்ற வருடமும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவளுடைய சப்பாத்தை ஒளித்து வைத்தேன். புதுச்சோடி வாங்கிக்கொண்டு வந்து, “இதையும் ஒளிச்சா வெறுங்காலோடை ஓடுவன்” என்றாள். பிடிவாதத்தை அவள் என்னிடமிருந்துதான் எடுத்தாள். விடிய வெள்ளாப்பில் அவள் ஓடப் போகும்போது, அந்தச் சப்பாத்துச் சத்தம் முடக்கைத் தாண்டித் திரும்பி வரும்வரை அடுப்பை மூட்டவும் எனக்குக் கை வருவதில்லை.

9. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஓட்டத்தை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்குப் பதிலாகத் தார் வீதியால் ஓட்டத்தை அனுப்பும்படி ஏற்பாட்டாளருக்குத் தங்கள் கையெழுத்தோடு ஒரு கட்டளை போக வேண்டும். வாயால் சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். காணி யாருடையது என்ற வழக்கை மழைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதற்கு முன், ஆட்களை அனுப்பி, பிடுங்க முடியாத சீமெந்துத் தூண்களை விளிம்பிலிருந்து தள்ளி நாட்டிக் கம்பி இழுத்துத் தர வேண்டும். நான் அந்த ஆட்களுக்குச் சமைத்துப் போடுவேன். அவர்களோடு மண்ணும் சுமப்பேன்.

10. இது நடக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஞாயிறு காலை, ஓட்டம் தொடங்குமுன், கம்பு நிற்க வேண்டிய இடத்தில் நான் போய் நிற்பேன். தலையில் உரப்பையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கம்பைப் பிடுங்கியவர்கள் வந்து என்னையும் பிடுங்கிப் பார்க்கட்டும். என் மகளும் அவளுக்குப் பின்னால் வருபவர்களும் என்னைக் கண்டு விலகிப் போவார்கள்.

தங்களை வெருட்டுவதற்காக இதை எழுதவில்லை. வெருண்டு போயிருப்பவள் நான். எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் மூடிய பிறகு அந்தக் கிணற்றின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது, அதன் பக்கத்திலேயே கிழவியாகிப் போன எனக்கும் தெரியாது. காலை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலை நான் வைக்கும்படி விட்டுவிடாதீர்கள் ஐயா. அடுத்த மழைக்கு முன் ஆளனுப்புங்கள்.

இடம்: இலந்தைப்புலம்
திகதி: 2026.10.20

தங்கள் ஆட்களின் வரவைப் படலையில் நின்று பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
சி. ஞானாம்பிகை