ஜூலையிலும் குளிர் என்று சொன்னவருக்கு

அக்கா,

உங்கள் பச்சைக் கோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. செத்தவீடு முடிந்த கையோடு உங்கள் மகள் தந்தாள். மழை வருமென்று நினைத்து, பேத்தியைக் கூட்டிவர இன்று அதை மாட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர வெயில் கொளுத்தியது. கோட்டுப் பையில் இன்னும் உங்கள் தைலம் மணக்கிறது.

ஈஸ்ட் ஹாமில் நம் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூட வாசலை நினைத்துக்கொண்டேன். நாங்கள் தமிழ்த் தாய்மார் மதிலோரம் நிற்போம், சோமாலியப் பெண்கள் வேலியருகே, வெள்ளைக்காரிகள் மரத்தடியில். யாரும் கோடு கீறி வைக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் தாண்டுவதில்லை. நீங்கள் மட்டும் மரத்தடிக்குப் போனீர்கள். உங்களிடம் இருந்த ஆங்கிலமோ ஒரே வசனம்: "வெரி கோல்ட் டுடே." ஜூலையிலும் அதைத்தான் சொன்னீர்கள். அவர்கள் சிரிக்க, நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

"ஏனக்கா உங்கை போய் நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் பிரிஞ்சு நிண்டா பிள்ளையளும் உள்ளுக்கை அப்பிடித்தான் நிக்குங்கள்."

பிறகு ஒரு வெள்ளைக்காரப் பையன் என் மகளை நிறம் சொல்லிப் பழித்தான். இனிப் போகமாட்டேன் என்று அவள் அழுதாள். என் கணவர் கொதித்துப்போய், தமிழ்ப் பிள்ளைகள் பலர் படிக்கும் இடமென்று ரெய்னர்ஸ் லேனில் வீடு தேடத் தொடங்கினார். எனக்கும் சம்மதம்தான். நீங்கள்தான் மரத்தடிக்குப் போய் அவனுடைய தாயை என்னிடம் கூட்டிவந்தீர்கள். குளிரைப் பற்றிப் பேசிப் பேசியே அவளைச் சிநேகிதியாக்கி வைத்திருந்தீர்களே. அவள் முகம் சிவந்து, மகனை அழைத்து, என் மகளிடம் மன்னிப்புக் கேட்க வைத்தாள்.

"ஊரிலயிருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தாச்சு. இனியும் எங்கை ஓடுறது?" என்றீர்கள் என் கணவரிடம். அவர் வீடு தேடுவதை விட்டுவிட்டார். மகள் அங்கேயே படித்து முடித்தாள். அந்தப் பையன் வளர்ந்த ஆளாக உங்கள் செத்தவீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றான். உங்களை நினைத்து நான் பெருமைப்பட்டு அழுதது அப்போதுதான்.

அன்று போகாத ரெய்னர்ஸ் லேனில்தான் மகள் இன்று குடியிருக்கிறாள். பேத்தியின் பள்ளிக்கூட வாசலில் தமிழர் நாங்கள்தான் பெரிய கூட்டம். ஒரு கறுப்பினத் தாய் வேலியோரம் தனியே நின்றாள்.

"அன்ரி, இஞ்சாலை வாங்கோ" என்று எங்கள் ஆட்கள் கூப்பிட்டார்கள்.

"பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு வேலியோரம் போனேன். என்ன பேசுவது? வாயில் வந்தது உங்கள் வசனம்தான்.

"வெரி கோல்ட் டுடே."

அவள் என் கோட்டைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். மணி அடித்தது. பேத்தி என்னைத் தேடி வேலியோரம் வந்தாள். அந்தத் தாயின் மகனும் வந்தான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன, அக்கா.