கலங்கல் என்று நினைத்தோம்

ஐப்பசி, ஞாயிறு. இரவு.

தூக்கம் வரவில்லை. தேவி இந்நேரம் தூங்கியிருப்பாள்.

கல்லூரித் தோழிகள் நாலு பேரும் இன்று மரக்காணம் பக்கம் கடற்கரையோரமாக நடந்தோம். காலையிலிருந்தே தூறல். உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் தண்ணீர் குறுக்கே ஓடியது. முழங்கால் ஆழம்தான் என்று பட்டது. திண்டிவனத்துக்காரிகளுக்கு ஏரி நிரம்பி வழியும் கலங்கல் தெரியும், கடல் எங்கே தெரியும்?

"கலங்கல்ல தாண்டுற மாதிரி கை கோத்துக்கினு போயிடலாம், வாங்கடி" என்று சொன்னது நான்தான். கலங்கலில் காலுக்கடியில் கல் இருக்கும். இங்கே வெறும் மணல்.

கடைசியாக வந்த தேவிக்குக் காலடியில் மணல் சரிந்தது. இடுப்பளவு இறங்கிவிட்டாள், தண்ணீர் அவளைக் கடல் பக்கம் இழுத்தது. அவள் கை என் கையில்தான் இருந்தது. அவளே விரல்களை உருவிக்கொண்டாள். வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டார். "மழையில முகத்துவாரம் ஒடச்சிக்கினு கெடக்குது, இங்க வந்து எறங்குறீங்களே!" என்று கத்தினார்.

பஸ்ஸில் தேவி ஈரத் துணியோடு அவித்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டு வந்தாள்.

"ஏண்டி கைய வுட்ட?" என்று கேட்டேன்.

"நீயும் வந்துடுவ இல்ல? ஒனக்கு நீச்சல் தெரியாதே."

அவளுக்கும் தெரியாது.

அந்த நொடிக்குள் எப்படி யோசித்தாள்? ஒரே பேஜாராக இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கையை விட்டிருக்க மாட்டேன். இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பேன்.