அம்மா பக்கத்துச் சுவர்

வியாழன், இரவு.

அம்மா கோபித்துக்கொண்டு அண்ணாமலை நகரில் சித்தி வீட்டுக்குப் போய் இன்றோடு இருபது நாள். அம்மா நச்சரித்த வேலையை அப்பா இன்றைக்குத்தான் செய்தார். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் சுவர் விளக்கும் பிளக் பாயிண்டும். எலெக்ட்ரீஷியன் இரு பக்கமும் பென்சிலால் குறித்துவிட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். அப்போது அப்பா, "ஜன்னல் பக்கம் வேணாம்" என்றார். அது அம்மா படுக்கும் பக்கம்.

"இன்னா மச்சான், சார்ஜர் எங்க சொருவறதுன்னு தங்கச்சி என்னைத்தான கேக்கும்?" என்று எலெக்ட்ரீஷியன் சிரித்தார். அம்மாவை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"ஒன்னு போதும்." அப்பா சிரிக்கவில்லை.

சாயங்காலம் மொட்டை மாடியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, லைட் போட்டாச்சு என்றேன்.

"நெசமாவாடி? எம் பக்கமும் போட்டாரா?"

அம்மா குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ ஞாயித்துக்கெழம வந்துடறேன். அவருகிட்ட சொல்லாத."

வந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்ப்பாள். பென்சில் குறி இன்னும் இருக்கிறது; போட இருந்ததை அப்பா நிறுத்தியதை அது காட்டிக் கொடுத்துவிடும். அப்பா குளிக்கும்போது ரப்பரோடு போய் நின்றேன். அழிக்க முடியவில்லை. அது ஒன்றுதான் அம்மா பக்கத்தில் இருக்கிறது.