உன் அக்கா செய்த சுறாப்புட்டு

என் செலினுக்கு,

நம் ஜெனிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுகப்பிரசவம். நெற்றி அப்படியே உன்னுடையது. நர்ஸ் குழந்தையை என் கையில் தந்தபோது உன்னிடம் காட்டத்தான் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் யாருமில்லை.

மருமகன் கப்பலில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தாய்தான் ஆக்கிப்போட வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு என்ன தெரியும்? சோறு வடிப்பேன், ரசம் வைப்பேன். அவ்வளவுதான்.

ஜெனிக்குப் பால் போதவில்லை. பிள்ளை அழுதால் அவளும் சேர்ந்து அழுதாள். "பயப்பட ஒண்ணுமில்ல, நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. அவளுக்குச் சோறு இறங்கினால்தானே? நீ போனதிலிருந்தே அப்படித்தான். ஒரு மத்தியானம், "அம்மா இருந்தா சுறாப்புட்டு செஞ்சு தருவா, என்னப்பா?" என்றாள். திரேஸ்புரம் கரைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்து நானே செய்தேன். ஒரே கவிச்சி. என் மனம் நோகக் கூடாதென்று அவள் இரண்டாவது வாயும் வைத்தாள். அதைப் பார்க்க முடியவில்லை, செலின்.

உன் அம்மாவின் கைப்பக்குவம் தெரிந்தவர் இன்னும் ஒருவர் உண்டு. உன் அக்கா பிலோமி.

உன் அம்மா நம் வீட்டில்தான் கண்மூடினார். கடைசி நேரத்தில் நீ அவர் கையைப் பிடித்தபடியே இருந்தாய். அந்தப் பதற்றத்தில் அக்காவுக்கு நேரத்தோடு தகவல் சொல்ல விட்டுப்போயிற்று. வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து அவர் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். "எங்கம்மாவ உசுரோட பாக்க விடாமப் பண்ணிட்டியேளா. இனி நீ எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று வாசலில் நின்று சொன்னார். அன்று நின்ற பேச்சு. உன் அடக்கத்துக்கு வந்தவர்கூட கோயிலின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வராமலே போய்விட்டார்.

பஸ் ஏறிப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"மயினி, ஜெனிக்குப் புள்ள பொறந்திருக்கு. சோறே திங்க மாட்டேங்கா. சுறாப்புட்டு கேக்கா. எனக்குச் செய்ய வரல."

"பால் இருக்கா?"

"பத்தல."

விறுக்கென்று உள்ளே போனார். அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். "நடங்க."

நம் அடுக்களையில் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மஞ்சளும் மிளகும் கை போன இடத்தில் இருந்தன. உங்கள் அம்மா வீட்டிலும் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்குமாம். சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, தண்ணீர் போகப் பிழிந்து பூப்போல உதிர்த்தார். பூண்டும் சின்ன வெங்காயமும் நிறையப் போட்டு வதக்கினார்.

ஜெனி தின்றாள். "நல்லாருக்கு பெரியம்மா." பிறகு தயங்கி, "அம்மா எறக்குற நேரத்துல ஒரு கை தேங்காய்ப்பூ போடுவா" என்றாள்.

அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. "தேங்காய்ப்பூவா? எங்கம்மா அதப் போடவே மாட்டாளே."

"அதுதான் எங்க வீட்டுப் பக்குவம்னு அம்மா சொல்லுவா."

"சின்னதுல ஒறைக்குதுன்னு அழுவா அவ. அம்மா பாக்காத நேரம் நான்தான் ஒரு பிடி துருவிப் போட்டுத் திங்க வைப்பேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "இத்தன வருசமும் போட்டுக்கிட்டா இருந்தா?"

"எப்பவும் போடுவா பெரியம்மா."

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். உன் அடக்கத்தன்று அழாததையெல்லாம் அப்போது அழுதார். ஜெனி குழந்தையை என் மடியில் தந்துவிட்டு, போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புட்டைத் தின்றிருக்கிறேன். எனக்கு இது தெரியாமலே போயிற்று. பேச்சில்லாத அந்த வருஷங்களில் தேங்காய் துருவும்போதெல்லாம் அவரை நினைத்தாயா? நினைத்திருந்தால் ஏன் ஒரு போன் போடவில்லை? கோபமா, இல்லை, எடுக்காமல் போய்விடுவார் என்ற பயமா?

ஜெனி இப்போது தட்டை வழித்துத் தின்கிறாள். பிள்ளைக்கு எடை கூடியிருக்கிறது. சுறாவால் பால் ஊறியதா, மனசு இளகியதால் ஊறியதா, யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "என்னை அவகிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றார் அக்கா. கல்லறைத் தோட்டத்தில் உங்கள் இருவரையும் விட்டுவிட்டு நான் தள்ளி நின்றேன். நெடுநேரம் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தார். கடல்காற்றில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கும்.

ஞானஸ்நானத்துக்கு அவரைத்தான் ஞானத்தாயாக இருக்கும்படி ஜெனி கேட்டிருக்கிறாள். "இந்த வயசுலயா? ஊர் சிரிக்கும்" என்றார். மறுநாளே பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் எடுக்கக் கடைக்குக் கிளம்பிவிட்டார். குழந்தைக்கு உன் பெயர்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், செலின். இனி இந்த வீட்டில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும், நான் இருக்கும்வரை முதல் போன் உன் அக்காவுக்குப் போகும். நான் போகிற நேரத்திலும் அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஜெனியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
சின்னச் செலினின் தாத்தா,
மனுவேல்