பூ ஹமதின் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

துபாய்
14.1.2006

அன்புள்ள பொன்னுச்சாமி அண்ணனுக்கு,

கடையில் பில் டைப் அடிக்கும் சந்திரகலா எழுதுகிறேன். ஊர் போய்ச் சேர்ந்து வீடு ஒழுங்காகிவிட்டதா? போன் போடலாம் என்றால், "அண்ணனுக்குத்தான் ரெண்டு காதும் போச்சேம்மா" என்று கௌஸ் பாய் நினைவுபடுத்தினார். இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கி சுட்டுச் சோதித்த காது அல்லவா! அதனால்தான் கடிதம்.

ஒரு வேலை சிக்கிக்கொண்டு நிற்கிறது. பெரியவர் பூ ஹமத், தன் அப்பா வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். குழலின் உள்பக்கம் துருவில் அரித்துவிட்டது. புதுக் குழல் மாற்ற வேண்டும். ஜூன் மாதம் ஆப்பிரிக்காவுக்கு மான் வேட்டைக்குக் கிளம்புகிறார். ஜெர்மனியில் இருந்து குழல் வர இரண்டு மாதம் ஆகும். எந்தத் தோட்டாவுக்கான குழல் என்று ஆர்டரில் எழுத வேண்டும். பழையபடி எட்டு எம்.எம். போதுமா என்று பெரியவர் யோசிக்கிறார். அவருடைய தங்கை மகன் ரொம்ப வலுவான மேக்னம் தோட்டாதான் வேண்டும் என்கிறான். தர்ட்டி நாட் சிக்ஸ், ஏழு எம்.எம். என்று இன்னும் இரண்டு பெயர் சொல்கிறார்கள். "லேத்துல எப்படிக் கடையச் சொன்னாலும் நூல் பிசகாமக் கடஞ்சிருவேன். எந்தத் தோட்டாவுக்குன்னு நீதான் சொல்லணும்" என்கிறார் கௌஸ் பாய். எனக்கு என்ன தெரியும்? உங்களைக் கேட்கச் சொன்னார் நம் முதலாளி அர்பாப்.

இப்படிக்கு,
சந்திரகலா

கரூர்
26.1.2006

அன்புத் தங்கை சந்திரகலாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். நான் ஊர் வந்த பிறகு இந்த வீட்டுக்கு வந்த முதல் தபால் இது.

துபாய் ஸ்டாம்பைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தேன்.

குழலைப் பற்றி யோசிப்பதற்கு முன், குழலைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு இருக்கிறதே, அந்தப் போல்ட்டைப் பார்க்க வேண்டும் அம்மா. தோட்டாவின் அடிப்பாகம் போல்ட்டின் முகத்தில்தான் உட்காரும். மேக்னத்துக்கு அடி தடிமன். பழைய போல்ட்டில் உட்காராது. உட்கார வைக்க வேண்டுமென்றால் முகத்தைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். வயதான இரும்பில் அதைச் செய்யக் கூடாது. கௌஸை அந்த முகத்தின் அகலத்தை அளக்கச் சொல்லி எழுது. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

உன் மகன் காலேஜில் நன்றாகப் படிக்கிறானா? பர் துபாயில் அதே ரூமில்தான் இருக்கிறாயா? விவரமாக எழுது.

அன்புடன்,
பொன்னுச்சாமி

துபாய்
9.2.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

கௌஸ் பாய் அளந்துவிட்டார். சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர். மேக்னம் உட்காராது என்று நான் சொன்னதும் தங்கை மகனின் முகம் தொங்கிப்போனது. பெரியவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "பொன்னு சொன்னால் கலாஸ், அதோடு முடிந்தது" என்றார். இன்னும் உங்களைப் பொன்னு என்றுதான் சொல்கிறார்.

மகன் திருச்சியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மிஸ்டு கால் விடுவான். நான் கூப்பிட்டால், "சாப்டேம்மா, வெச்சிரட்டுமா" என்பான். ரூம் அதேதான், கோயில் சந்துக்குப் பின்னால். மூன்று பெண்கள் இருக்கிறோம், மூவருக்கும் மூன்று டியூட்டி. ஒருத்தி தூங்கும்போது மற்றவள் விளக்குப் போடக் கூடாது.

மிச்சம் மூன்றில் எது அண்ணா?

சந்திரகலா

கரூர்
22.2.2006

அன்புத் தங்கைக்கு,

மூன்றில் எது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பெட்டியின் உள்நீளம் எவ்வளவு? நீளத் தோட்டா என்றால் மூக்கு இடிக்கும். எந்த மான், எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறார்? அதையும் கேட்டு எழுது. அவசரத்தில் போட்ட குழல் ஆயுளுக்கும் தொல்லை.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கத்திப் பேச வேண்டியிருக்கிறதே என்று என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். என் மனைவி இருந்தால் கையைக் காட்டியே பேசிவிடுவாள். அவள் போனபோது எனக்கு லீவ் கிடைக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அன்று நீதான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

பொன்னுச்சாமி

துபாய்
7.3.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

உள்நீளம் எண்பத்து நான்கு மில்லிமீட்டர். மாட்டு அளவுள்ள மானாம். இருநூறு கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்கிறார் பெரியவர். போன வருஷம் வலது தோளில் ஆபரேஷன் ஆனதையும் எழுதச் சொன்னார்.

அண்ணா, மார்ச் முடிவதற்குள் ஆர்டர் போய்விட வேண்டும். தங்கை மகன் தினமும் கடைக்கு வந்து நிற்கிறான். "அந்தக் கிழவருக்கு இன்னும் எத்தனை கடிதம்?" என்று அர்பாப் என்னைத்தான் திட்டுகிறார். "அவர் தீரப் பார்க்காமல் சொல்ல மாட்டார், பாபா, பொறுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழுபது வயது நசரத் மாமி பக்கத்துக் கடையில் ஃபேக்ஸ் வைத்திருக்கிறார். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வரி அனுப்பினால் போதும்.

சந்திரகலா

கரூர்
20.3.2006

அன்புத் தங்கைக்கு,

ஃபேக்ஸ் அனுப்பப் பஸ் நிலையம் வரை போக வேண்டும். கடிதமே நல்லது. வேட்டைக்குப் போகும் ஊரில் எந்தத் தோட்டா கடையில் கிடைக்கும் என்று பெரியவரைக் கேட்டு எழுது. அது ஒன்றுதான் பாக்கி. நீ முகம் வாட வேண்டாம். பதில் எழுதும்போது அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதா என்றும் எழுது.

பொன்னுச்சாமி

துபாய்
6.4.2006

அண்ணனுக்கு,

இனிக் கேட்டு எழுத ஒன்றும் இல்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி தங்கை மகன் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேறு எங்கோ கொடுத்து மேக்னமே போடப் போகிறானாம். பெரியவர் காரைவிட்டு இறங்கவில்லை.

துப்பாக்கி வேலையே வேண்டாம், டென்டும் தூண்டிலும் விற்றால் போதும் என்று அர்பாப் முடிவு செய்துவிட்டார். கௌஸ் பாயின் விசா கேன்சல். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். லேத்துக்குத் துணி போர்த்திவிட்டு, "அண்ணன் மேல கோபப்படாதம்மா, அவரு எப்பவும் நிதானம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். என்னை ஷார்ஜா கோடவுனுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

எனக்காகவாவது சொல்லுங்கள். எந்தத் தோட்டா அண்ணா?

சந்திரகலா

கரூர்
20.4.2006

சந்திரகலா,

ஏழு எம்.எம்.

அந்தப் போல்ட்டிலேயே உட்காரும். அந்த மேகசினிலேயே அடங்கும். தோளை அதிகம் உதைக்காது. இருநூறு கஜத்தில் அந்த மானுக்குத் தாராளம். பழைய எட்டு எம்.எம்.மும் உட்காரும், ஆனால் தோளைக் கூடுதலாக உதைக்கும். தர்ட்டி நாட் சிக்ஸும் நல்ல தோட்டாதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு நீளம் அதிகம், ஆபரேஷன் ஆன தோளுக்கு உதையும் அதிகம்.

இது உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும். அந்தத் துப்பாக்கியை ஆறு முறை கழற்றிப் பூட்டியவன் நான். போல்ட்டின் அளவு, பெட்டியின் நீளம், பெரியவரின் தோள் எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததையே ஒவ்வொன்றாக உன்னிடம் கேட்டேன். பதிலைச் சொல்லிவிட்டால் உனக்கு எனக்கு எழுத வேறு காரியம் இருக்காதே என்று நினைத்தேன். ஒரு கடிதம் போட்டால் பன்னிரண்டு நாள் காத்திருக்கலாம். காத்திருக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

கௌஸின் வேலை போகும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அவருடைய ஊர் விலாசம் இருந்தால் அனுப்பு. நானே நேரில் போய்ச் சொல்கிறேன். உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பதில் எழுத வேண்டாம்.

பொன்னுச்சாமி

ஷார்ஜா
2.6.2006

பொன்னுச்சாமி அண்ணனுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாதம் அப்படியே இருந்து பார்த்தேன். முதலில் உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். எல்லோரும் உங்களைக் கேலி செய்தபோது, அவர் தீரப் பார்க்காமல் சொல்ல மாட்டார் என்று நான் ஒருத்திதான் உங்களுக்காக நின்று பேசினேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெரியவரைப் போன வாரம் பார்த்தேன். போல்ட்டைக் கடைந்து மேக்னம் போட்டுவிட்டார்களாம். ஒரே ஒரு தடவை சுட்டாராம். தோள் மறுபடி கெட்டுப்போய், அப்பாவின் துப்பாக்கியைத் தங்கை மகனிடமே கொடுத்துவிட்டார். ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. உங்கள் மனம் ஆறட்டும் என்று நான் இதை மறைக்கப் போவதில்லை. கௌஸ் பாயின் நாகூர் விலாசம் இதோடு இருக்கிறது. சொன்னபடி நேரில் போங்கள். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். காது கேட்காவிட்டால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தத் தவறு ஒரு பக்கம். தனியாக இருக்கிறேன், அடிக்கடி எழுது தங்கச்சி என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாமே அண்ணா. நான் எழுதியிருப்பேனே.

கோடவுனில் நானும் ஒரு வாட்ச்மேனும்தான். அவர் நேபாளி, என்னை மேடம் என்பார். ரூமில் யாராவது ஒருத்தி எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். இன்று வெள்ளிக்கிழமை, லீவு நாள். காலையிலிருந்து யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நாகூருக்குப் போய் வந்த பிறகு எழுதுங்கள். அளவு கேட்க வேண்டாம், எதையும் விசாரித்து எழுதச் சொல்ல வேண்டாம். சொல்ல ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை சந்திரகலா என்று மட்டும் எழுதிப் போடுங்கள். புது போஸ்ட் பாக்ஸ் நம்பர் உறையின் பின்புறம் இருக்கிறது.

தங்கை,
சந்திரகலா