மெல்ல எழுந்திருக்கவும்

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு ('அன்புள்ள' என்பது பழக்கதோஷம், எழுதிவிட்டேன்),

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சொல்கிறேன்: நேற்று என் தையல் கடையில் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். காலர் அளவெடுக்க மிஷினை விட்டு எழுந்து, டேப்பை அவர் கழுத்தில் சுற்றியதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. டேப்பை விடாமலே விழுந்தேன். மனிதர் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. என் மார்பில் எட்டி உதைத்துத் தப்பி, "கொலகாரன்! கொலகாரன்!" என்று தெருக்கோடிவரை ஓடினார். என் மண்டை மேஜை முனையில் பிளந்து, அவர் கொடுத்த துணியெல்லாம் ரத்தம்.

டாக்டர் சொன்னார்: "காதுக்குள்ள சமநிலையைக் கவனிக்கிற உறுப்பு ஒண்ணு இருக்குங்க. நீங்க எழுந்ததும், ரத்தம் காலுக்கு இறங்கிடாம ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லி அது தகவல் அனுப்பும். உங்க இடது காதுல அது அடி வாங்கியிருக்கு. அதான் எழுந்தா பிரஷர் விழுது. இன்னொரு காது அந்த வேலையைப் பழகிக்கும். அதுவரைக்கும் மெல்ல எழுந்திருங்க."

அந்த அடி யாருடையது? போன மாதம் நீ எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கதவு அறைபட்டது என்றுதான் நினைத்தேன், அறைபட்டது நான். வெல்டிங் பிடிக்கிற கைக்கு இரும்பும் காதும் ஒன்றுதானே! அன்றே உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமைக்குள் உன் மன்னிப்புக் கடிதத்தோடு அவள் வந்து சேரவேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் சீட்டோடு போலீசுக்குப் போவேன்.

ஒற்றைக் காதுடன்,
மாமா


மார்ச் 5

மாமாவுக்கு,

நான்தான் அடித்தேன். போலீஸ் கேட்டாலும் அதையே சொல்வேன். இவ்வளவு எழுதினீர்களே, நான் உள்ளே வந்தபோது அக்காவின் தலைமுடி யார் கையில் இருந்தது என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

அக்கா உங்கள் கடிதத்தைப் படித்தாள். டாக்டர் பேசிய இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்தாள்.

மச்சான்


மார்ச் 8

அன்புள்ள மச்சானுக்கு,

அட, அதுவா! பொத்தான் டப்பாவைக் கொட்டி, கோட்டுப் பொத்தானையும் சட்டைப் பொத்தானையும் கலந்துவிட்டாள். எந்தத் தையல்காரனுக்குக் கை நீளாது? நீளத்தானே செய்யும்! அவளும் லேசுப்பட்டவள் இல்லை. உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடிப்பாள், தள்ளாடுவாள், கையில் இருப்பதைப் போட்டு உடைப்பாள். "நாடகமா ஆடுற?" என்று கன்னத்தில் இன்னொன்று வைத்தால்தான் நிமிர்வாள். பதினாறு வருஷத்தில் எத்தனை என்று நான் எண்ணிக்கொண்டா இருந்தேன்?

போலீசெல்லாம் சும்மா சொன்னது. மன்னிப்பும் வேண்டாம், போ. அவளை மட்டும் அனுப்பிவை. எழும்போது பிடித்துக்கொள்ள எனக்கு ஆளில்லை. நேற்று குளியலறையில் விழுந்து ஒரு பல் போயிற்று. சிரித்தால் என் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாமா


மார்ச் 14

மாமாவுக்கு,

அக்கா வரமாட்டாள். இதை அவளே எழுதச் சொன்னாள்.

நேற்று அவளை அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். அவள் விழுமுன் நான் பிடித்துக்கொண்டேன். இது நாடகம் இல்லையாம்.

அவளுக்கு அடிபட்டிருப்பது இரண்டு காதிலும்.

அவள் தம்பி