இருந்ததைச் சாப்பிட்டோம்

29 மார்ச் 2025, சனி

நேற்று முழுக்க தர்மபுரியில் பயிற்சி. இன்றாவது துணி துவைக்கலாம் என்று வாளியை எடுத்தேன், போன். அந்தோணியார் தெருவில் ஒரே வாந்தி. போய்ப் பார்த்தால் வீட்டுக்கு ஒருவர் சுருண்டு கிடக்கிறார். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்தே போச்சு. கிராம நர்சுக்குப் பத்துக் கை என்று நினைப்பு.

வீட்டுக்கு வந்தால் இவரும் கக்கூஸுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறார். "சூடு பிடிச்சிக்கிச்சு" என்கிறார். ஊருக்கே ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் சவரி, தண்ணீர் குடி என்றால் கேட்பதில்லை.

30 மார்ச், ஞாயிறு

படிவத்தோடு வீடு வீடாக அலைந்தேன். இருபத்து மூன்று பேர். வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெரு சத்யராஜ் வீட்டில் காதுகுத்து, கெடா பிரியாணி. அதுதான் என்று நினைத்தேன்.

"விருந்துல சாப்பிட்டீங்களா?"

"மொய் வச்சோம், வந்துட்டோம். தவக்கால வெள்ளிக்கிழமைங்க, கறி தொடுவோமா?"

எல்லா வாயிலும் இதே பதில். சனிக்கிழமை காலையில்? "இருந்ததைச் சாப்பிட்டோம்." பழைய சோறு என்று எழுதிக்கொண்டேன்.

சத்யராஜைக் கேட்டால் பொங்கிவிட்டார். "எரநூறு பேரு தின்னாங்க, ஒருத்தருக்கு ஏப்பம்கூட வரலை. எங்க வூட்டுச் சோத்தை ஏம்மா குத்தம் சொல்றீங்க?"

அவர் தெருவில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிறகு மிச்சம் என்ன? தண்ணீர்தான். அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

31 மார்ச், திங்கள்

தொட்டியை மூடச் சொல்லிவிட்டார் டாக்டர். அது அந்தோணியார் தெருவுக்கு மட்டும் தண்ணீர் விடும் தொட்டி. வால்வு திறப்பவர் மல்லையன், வத்தல்மலைக்காரர், பதினோரு வருஷமாக இந்த வேலை. தொட்டிக்குக் கீழேயே குடியிருக்கிறார். இன்று தெருவே அவரைச் சூழ்ந்துகொண்டது.

"பிளீச்சிங் பவுடர் போடாம தூங்கிட்டு எங்க புள்ளைங்களைக் கொல்லப் பாக்கறான்!" என்று லூர்து மேரி கத்தினாள். அவள் பேத்தி ஜெனிஷாவுக்கு ஆறு வயது, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. லூர்து மேரியை நான் எப்படி அடக்க?

மல்லையன் என்னிடம் வந்தார். "நானும் எம் புள்ளைங்களும் அதே தண்ணிதானுங்க குடிக்கறோம்."

என் படிவம் நோயாளிகளுக்கு மட்டும். நன்றாக இருப்பவரை எங்கே எழுதுவது? மண்டை காய்கிறது.

1 ஏப்ரல்

மல்லையனை வேலைக்கு வர வேண்டாம் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்களாம். என் அறிக்கையைக் காட்டித்தான்.

2 ஏப்ரல், புதன்

தண்ணீர் சோதனை முடிவு வந்தது. சுத்தமான தண்ணீர். தெரு நம்பினால்தானே! "அப்புறமா பவுடரைக் கொட்டிட்டான்" என்கிறார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

சாயங்காலம் இவர் வண்டியில் நாற்றம் குடலைப் பிடுங்கியது. சீட்டைத் தூக்கினால் ஒரு சில்வர் பேப்பர் பொட்டலம். பாதி பிரியாணி, எலும்போடு. நாற்பது நாளும் வீட்டில் கறி கூடாது என்று சட்டம் போட்டதே இவர்தான்!

"வெள்ளிக்கிழமை தொடலை, கேத்தரின். சத்தியமா. சனிக்கிழமை காலையிலதான்."

"மத்தவங்க?"

"நம்ம வூடுங்களுக்கெல்லாம் சத்யராஜ் வூட்டுல வாளியில குடுத்தனுப்பினாங்க. வெள்ளி போவட்டும்னு எல்லாரும் மூடி வச்சாங்க."

கடவுளே. இந்த வெயிலில், ஒரு பகல் ஒரு ராத்திரி, மூடி போட்ட வாளியில் கறிச்சோறு! சூடாகத் தின்ற இருநூறு பேருக்கு ஒன்றுமில்லை. விரதம் காத்தவர்கள்தான் விழுந்தார்கள். யாரும் பொய்கூடச் சொல்லவில்லை. இருந்தது எது என்று நான்தான் கேட்கவில்லை.

"மல்லையன் வேலை போனப்பகூட வாயைத் திறக்கலையே நீங்க?"

"தண்ணியாவும் இருக்கலாம்னு நெனச்சேன்."

நினைச்சாராம்! எனக்கு வந்த ஆத்திரம் இவர் மேலா, என் மேலா?

3 ஏப்ரல்

வாளிச் சோறு தின்றவர்களின் புதுப் பட்டியலில் முதல் ஆளாக இவரை எழுதினேன். "உபதேசியார் பேரு கெட்டுடும்" என்றார். "மல்லையன் பேரு கெட்டா பரவால்லையா?" என்றேன்.

4 ஏப்ரல், வெள்ளி

மாதா கோயிலில் சிலுவைப்பாதை முடிந்தும் இவர் மைக்கை விடவில்லை.

"போன சனிக்கிழமை காலையில நான் பிரியாணி தின்னேன். அதனாலதான் படுத்தேன். தண்ணியால இல்ல."

லூர்து மேரி எழுந்தாள். "பாப்பாவுக்கு நான்தான் ஊட்டினேன்." சொல்லிவிட்டு அழுதாள். குழந்தை நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டது, நல்லவேளை.

வெளியே வந்தால் என் படிவத்துக்கு வரிசை.

5 ஏப்ரல், சனி

மல்லையனைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். வால்வைத் திறந்துகொண்டிருந்தார்.

"பிரியாணின்னு முன்னயே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"எங்க வூட்டுக்கும் ஒரு வாளி வந்துச்சுங்க. எங்களுக்கு விரதம் இல்லீங்களே, அப்பவே சுடச்சுடத் தின்னுட்டோம். அதே சோறு, அதே தண்ணி, எங்களுக்கு ஒண்ணும் ஆகலை."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலீங்களே."

பையிலிருந்து ஒரு படிவம் எடுத்து மல்லையன் என்று எழுதினேன். வயது தெரியவில்லை. கேட்டேன்.